கோட் ஓடினது காணாதோ?

என்ர அறைத்தோழன் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி, கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனியின் இன்டர்ன்ஷிப் நேர்முகத்துக்குப் போனான். லிங்க்ட் லிஸ்ட் ஒன்றைத் தலைகீழாக்கச் சொன்னார்களாம். எழுதினான், கோட் ஓடியது. ஆனால் எழுத எழுத, யோசிப்பதை ஆங்கிலத்தில் வாய்விட்டு விளக்கத் திக்கிவிட்டான். ‘கொமியூனிக்கேஷன் போதாது’ என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கதைக்க வேணுமே என்பீர்கள். சரி, ஆறு மாதம் பழக வாற பெடியனை முதல் நாளே அவரோடயா கதைக்க விடப்போறீங்கள்? கம்பஸில் பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான் செய்தவன். நீங்கள் அளந்தது கொழும்புப் பள்ளிக்கூடத்துச் சரளத்தை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. நீங்கள் அதைப் படலையாக்கிப் பூட்டிட்டீங்கள்.

அடுத்த கிழமை இன்னொரு நேர்முகம். இப்ப அவன் கோட் எழுதிப் பழகிறதில்லை. கண்ணாடிக்கு முன்னால நின்று ‘டெல் மீ எபவுட் யுவர்செல்ஃப்’ சொல்லிக்கொண்டிருக்கிறான்.