ஞாயிற்றுக்கிழமை சைக்கிளும் திங்கட்கிழமை சைக்கிளும்

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கடை எங்கே இருக்கிறது? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். பீட்சா கடை எங்கே, ஏ.டி.எம். எங்கே என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். சைக்கிள் கடை என்றதும், ‘முன்னாடி அந்த முனையில ஒருத்தர் இருந்தாரே... இப்ப இருக்காரான்னு தெரியலையே’ என்று இழுக்கிறீர்கள், இல்லையா? அந்த இழுவையைப் பற்றித்தான் இந்த வாரம்.

சென்னையில் சைக்கிள் மோகம் திரும்ப வந்துவிட்டது என்று அடிக்கடி படிக்கிறோம். பொய்யில்லை. ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் நின்று பாருங்கள். ஹெல்மெட், கையுறை, உடம்போடு ஒட்டிய கலர் சட்டை, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு என்று கூட்டம் கூட்டமாகப் பறக்கிறார்கள். சில சைக்கிள்களின் விலையில் ஒரு ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். மாமல்லபுரம் வரை போய், இட்லி பொங்கல் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். நாற்பது வயதில் நாற்காலியே கதி என்று கிடந்த மனிதர் நூறு கிலோமீட்டர் மிதிக்கிறார் என்றால் கை தட்டத்தான் வேண்டும்.

தட்டியாகிவிட்டது. இப்போது ஒரு கேள்வி. இவர்களில் எத்தனை பேர் திங்கட்கிழமை ஆபீசுக்கு சைக்கிளில் போகிறார்கள்?

“சிட்டிக்குள்ளயா? உயிரோட வீடு திரும்ப வேண்டாமா சார்?”

கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. நூறு கிலோமீட்டர் மிதிக்கத் தெம்புள்ளவருக்கு ஆறு கிலோமீட்டர் மிதிக்கப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே திங்கட்கிழமை, அதே சாலையில் வேறு சிலர் மிதித்துக்கொண்டு போகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். கேரியரில் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு போகும் கொத்தனார். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பை தொங்க, விடிவதற்குள் இருநூறு வீட்டுக்குப் பேப்பர் போடும் பையன். கேனில் டீ விற்கிறவர். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் அக்கா. இவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது, விளக்கு கிடையாது, பின்னால் துணைக்கு வரும் கார் கிடையாது. இவர்களை யாரும் ‘சைக்ளிஸ்ட்’ என்று கூப்பிடுவதும் கிடையாது. ‘யோவ், ஓரமாப் போய்யா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயம், வீட்டுத்தொழில் தவிர்த்த மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களிடம் ‘எதில் போகிறீர்கள்?’ என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். சைக்கிளில் போகிறவர்கள் சுமார் 13 சதவீதம். காரில் போகிறவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. இடையில் ஸ்கூட்டர் பெருகியிருக்கும், கார் பெருகியிருக்கும், சைக்கிள் குறைந்திருக்கும். சரி. ஆனால் 13 பேர் சைக்கிளிலும் 3 பேர் காரிலும் போன நாளிலாவது சாலை யாருக்காகப் போடப்பட்டது? அந்த மூன்று பேருக்காகத்தானே மேம்பாலம் கட்டினோம்? அந்த மூன்று பேர் வண்டி நிறுத்தத்தானே தெருவின் இரண்டு பக்கத்தையும் எழுதிக் கொடுத்தோம்? ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். ஆனால் ‘சாலையில் இடத்தை அடைக்கிறான்’ என்ற திட்டு மட்டும் சைக்கிள்காரனுக்கு!

கொல்கத்தாவில் இதைச் சட்டமாகவே செய்து பார்த்தார்கள். 2008-ல் சில சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்ட போலீஸ், 2013-ல் அதை 174 சாலைகளுக்கு நீட்டியது. போக்குவரத்து நெரிசலுக்குக் காரணம் சைக்கிளாம்! மாட்டிக்கொண்டவர்கள் யார்? பால்காரர், பேப்பர்காரர், மீன்காரர். அபராதம் கட்டியதும் அவர்கள்தான். பிறகு தடை குறைக்கப்பட்டது. நம் ஊரில் அப்படியெல்லாம் தடை போடவில்லையே என்று பெருமைப்படாதீர்கள். சாலையை ஓட்ட முடியாதபடி வைத்துக்கொண்டால் தடை எதற்கு?

இத்தனைக்கும் நம்மிடம் நல்ல கொள்கை இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அதில் உள்ள வாசகம். படித்தால் புல்லரிக்கும். அதற்கு மார்க் போடப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளையை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை தனியாக சைக்கிளில் அனுப்புவீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அதுதான் மார்க்.

இன்னொரு வேடிக்கை. இதே தமிழ்நாட்டில்தான் அரசு ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் விரிந்த திட்டம். ஆட்சிகள் மாறின, திட்டம் மாறவில்லை. நான் மனதாரப் பாராட்டுகிற திட்டங்களில் ஒன்று. ஆனால் கையில் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அதை ஓட்டுவதற்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூடக் கொடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

சைக்கிள் என்ன செய்யும் என்று தெரியாத மாநிலமா இது? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போக, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்களாம். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்காகவும் அண்ணன் தம்பிக்காகவும் காத்து நின்ற காலம் முடிந்தது. உடற்பயிற்சிக்காக ஒருத்தரும் மிதிக்கவில்லை. விடுதலைக்காக மிதித்தார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து சைக்கிள் கடையை ஞாபகம் இருக்கிறதா? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார்கள். நோட்டில் பேரும் நேரமும் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். குரங்குப் பெடல் போட்டு முட்டி பேர்த்துக்கொண்ட தலைமுறைக்கு அதுதான் முதல் டிரைவிங் ஸ்கூல். ஒரு பெஞ்ச், ஒரு பேப்பர், தண்ணீர் நிரப்பிய ஒரு அழுங்கிய சட்டி. டியூபை அதில் அமுக்கி, முட்டை முட்டையாகக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டுக் கொடுப்பார். ரிம் கோட்டம் எடுப்பார். வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயில். தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு வேலை போச்சு, எல்லாம் அந்த பெஞ்சுக்குத் தெரியும். மேனேஜரும் பியூனும் ஒரே பம்புக்காகக் காத்து நின்ற இடம் அது. இன்றைக்கு அப்படி ஓர் இடத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

இப்போது என்ன ஆச்சு? எங்கள் குடியிருப்பில் ஒரு பையனுக்கு ஷோரூமில் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் பங்க்சர். கடைக்குப் போன் செய்தால், ‘கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க, மூணு நாள் ஆகும்’ என்று பதில். அப்பா அதை காரில் ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன்தான் வழி காட்டினார். இரண்டு தெரு தள்ளி, மின்பெட்டிக்குப் பக்கத்தில், தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிற பெரியவர். பத்தே நிமிஷம். அந்தக் குடும்பம் அந்த வழியாகத்தான் தினமும் காரில் போய்வருகிறது. ஒருநாளும் அவர் கண்ணில் பட்டதில்லை.

அந்தப் பெரியவரை இன்றைக்கும் வாழ வைப்பது ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் அல்ல. வாட்ச்மேனும் கொத்தனாரும் பேப்பர் பையனும்தான். அவர் கடையைத் தூக்கிவிட்டால் இவர்கள் மறுநாள் வேலைக்குப் போவது நின்றுபோகும். ஆனால் நடைபாதை சீரமைப்பு, வடிகால் பணி, ஆக்கிரமிப்பு அகற்றம் என்று எது வந்தாலும் முதலில் பிய்த்து எறியப்படுவது அவருடைய தார்ப்பாய்தான். நடைபாதையில் ஏறி நிற்கும் காரைத் தூக்க மட்டும் யாருக்கும் கை வராது.

இவருக்காகச் சட்டம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், காய்கறி, பூ விற்கிறவர்களை மட்டும் சொல்லவில்லை. தெருவில் பொதுமக்களுக்குச் சேவை செய்கிறவர்களையும் வியாபாரி என்றே சொல்கிறது. பங்க்சர் ஒட்டுவது சேவை இல்லாமல் வேறென்ன? ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும், கணக்கெடுத்து முடிக்கும்வரை யாரையும் விரட்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: ‘எங்க தெரு சைக்கிள் கடைக்காரருக்குச் சான்றிதழ் வந்தாச்சா?’

‘சார், சென்னை வெயில்ல எவன் சைக்கிள் ஓட்டுவான்?’ என்று ஒரு கடிதம் நிச்சயம் வரும். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் செவில்லே என்று ஒரு நகரம். கோடையில் 40 டிகிரியைத் தொடும். 2006 வாக்கில் ஆரம்பித்து, சில வருஷங்களுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். பாதை வந்தது, ஜனங்களும் வந்தார்கள். அது போகட்டும், உங்கள் வாட்ச்மேனுக்கு என்ன ஏ.சி. வெயிலா அடிக்கிறது?

‘அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பழக்கம்’ என்பது அடுத்த வாதம். சைக்கிள் என்றாலே நெதர்லாந்து என்கிறோமே, அங்கே மட்டும் பிறக்கும்போதே மிதித்துக்கொண்டா பிறந்தார்கள்? அங்கேயும் 1960-களில் காருக்காக ஊரை இடித்தார்கள். 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். ‘குழந்தைகள் கொலையை நிறுத்து’ என்று அந்த இயக்கத்துக்குப் பேரே வைத்தார்கள். விபத்து என்று சொல்லவில்லை, கொலை என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசாங்கம் வழிக்கு வந்தது.

நாம் எத்தனை பேரை எண்ணினோம்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் காலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அவதார் சைனி, பின்னால் வந்த டாக்ஸி மோதி இறந்தார். இன்டெல் நிறுவனத்தின் இந்தியத் தலைவராக இருந்தவர், பென்டியம் சிப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்குள்ளவர். நாடே இரண்டு நாள் பேசியது. பேச வேண்டிய மரணம்தான். ஆனால் அன்றாடம் பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வருகிறதே, ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி சைக்கிளில் சென்றவர் பலி’ என்று? வாகனத்துக்கும் அடையாளம் இல்லை, செத்தவருக்கும் அடையாளம் இல்லை. அவரையும் சேர்த்து எண்ணினால்தான் சைக்கிள் கலாசாரம். இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களிடம் எதிர்பார்ப்பு இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், அதிகாரி இருக்கிறார். நீங்கள் போன் செய்தால் எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. பேப்பர் பையன் போன் செய்தால் எவன் எடுப்பான்? ஆகவே நீங்கள் கேளுங்கள். ஈ.சி.ஆரில் விடிகாலைப் பாதை கேட்பதற்கு முன்னால், தொழிற்பேட்டை வாசலிலும் ரயில் நிலைய வாசலிலும் பாதை கேளுங்கள். வண்ணம் அடித்த கோடு வேண்டாம், கார் ஏற முடியாத தடுப்பு கேளுங்கள். பெங்களூர் ஜெயநகரில் 2012-ல் போட்ட சைக்கிள் பாதை கார் நிறுத்தும் இடமாகிப் போனதைப் பார்த்தாவது அந்தப் புத்தி நமக்கு வரட்டும். 2014 கொள்கையின் 60 சதவீதம் எங்கே போகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு.

சைக்கிளே இல்லாத மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் பிள்ளைகளின் பழைய சைக்கிளை பழைய இரும்புக்குப் போடாதீர்கள். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம் கொடுத்து, செயின் மாற்றி, பிரேக் கட்டை மாற்றி, ஓவராயில் செய்து உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்குக் கொடுங்கள். காரில் போகும்போது முன்னால் ஒரு சைக்கிள் போனால் ஹாரன் அடிக்காமல் ஒரு கை அகலம் விட்டுத் தள்ளிப் போங்கள். அவர் வீட்டிலும் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.