மண்சுவரும் வெந்நீரும்

தமிழர் இல்லங்களில் சோப்பின் பெயராக அறிமுகமான 'ஹமாம்' என்னும் அரபுச் சொல்லுக்குக் குளியல் இல்லம் என்பதே பொருள். டிசம்பர் 21 அன்று தொடங்கும் 40 நாள் கடுங்குளிரில் காஷ்மீரின் பல மசூதிகளும் வீடுகளும் ஹமாமையே நம்பியுள்ளன. அதன் தளம் கனத்த கற்பலகைகளால் ஆனது. பலகைகளுக்குக் கீழுள்ள வெற்றிடத்தில் விறகு எரியும்; சூடான புகை தளத்தின் அடியில் பரவிப் புகைபோக்கி வழியே வெளியேறும். அதே நெருப்பு, செப்புக்கலத்தில் உள்ள நீரையும் சூடாக்கும்.

இன்று புதிய வீடுகளிலும் ஹமாம் கட்டப்படுகிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் தளத்தைப் போற்றுவோர் சுவரை மறந்துவிடுகின்றனர். வைக்கோல் கலந்த களிமண் பூசிய தடித்த மண்சுவர் வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை. அறையின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். மெல்லிய கான்கிரீட் சுவரோ விரைவில் குளிர்ந்துவிடும். அதன்மேல் நீராவி துளிகளாகப் படியும். விறகுச் செலவும் கூடும்.

களிமண் நீரில் கரையும் என்போர் கூற்றில் உண்மை உண்டு. ஆகவே தண்ணீர் தெறிக்கும் உயரம்வரை கல்லோ சுண்ணாம்புப் பூச்சோ அமைத்தல் வேண்டும். குழாயும் மின்விளக்கும் மண்சுவருக்குப் பகையல்ல. ஆனால் குளிர்காலத்தில் மின்தடை மிகுந்த பகுதியில் அடுப்பையே மின்சாரத்திற்கு மாற்றுவது அறிவுடைமை ஆகாது. விறகு எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு உயிரைப் பறிக்க வல்லது. ஆதலால் நல்ல புகைபோக்கிக்குச் செலவிட்ட பின்னரே பளிங்குக்குப் பணம் ஒதுக்குதல் தகும்.