பிறந்த மண்ணும் பிரஜாவுரிமையும்

கினிகத்தேனைச் சந்தியில் நின்று மேலே அற்றன் பக்கமும் கீழே கித்துல்கலைப் பக்கமும் நோக்குவோர்க்குத் தெரிவன மழையும் மலையும் தேயிலையுமே. அம்மலைகளில் தேயிலை நட்டவர்தம் வழித்தோன்றல்களின் லயங்கள் பலவற்றில் இன்றும் ஒரு பழைய தகரப்பெட்டி உண்டு. மஞ்சளேறிய பிறப்பத்தாட்சிப் பத்திரமும், எப்போதோ எந்தக் கந்தோரோ அனுப்பிய கடிதங்களும் அதனுள் கிடக்கும். நகையைத் தொலைத்தாலும் இப்பெட்டியைத் தொலைக்க மனம் வராது. காரணம் யாது?

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், தலவாக்கொல்லையில் வேலுப்பிள்ளை எனப் பாராளுமன்றம் புகுந்தனர். 1952இல் அவ்வேழில் ஒன்றேனும் எஞ்சவில்லை. மக்கள் மனம் மாறியதனாலன்று. வாக்காளர் இடாப்பிலிருந்து மக்களே மறைந்ததனால். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவன் இம்மண்ணிற் பிறந்தான் என்பது போதாது என்றது. தகப்பனும் இங்கே பிறந்தவன் எனக் காட்டுக. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் எனக் காட்டுக என்றது. அதற்குக் கைதூக்கிய கனவான்களுள் எத்தனைபேர் தம் பூட்டனாரின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து நீட்டியிருப்பர்?

மறுவருடத்துச் சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டது. எட்டு இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பத்துள் அடங்கினர். உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. எந்தச் சமூகத்துக்கும் பிற சமூகத்துக்கு இல்லாத தடையை விதித்தலாகாது என்ற சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவை நம்பி வழக்காடினர் நம்மவர். தன் பிரஜைகள் யாவரென வகுப்பது சட்டசபையின் இயல்பான அதிகாரமே என்று கூறி, 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் கோடகன்பிள்ளையின் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்ததுண்டு. கறுப்பினத்தவர் பிரஜைகளாக இயலாது என 1857இல் அந்நாட்டு உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போரில் குருதி சிந்திய பின்னரே, 1868இல், 14ஆம் திருத்தம் பிறந்தது. அந்நாட்டிற் பிறந்து அதன் ஆணைக்குட்பட்டோர் யாவரும் அதன் பிரஜைகள் என்பது அதன் சாரம். சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்த வொங் கிம் ஆர்க் என்னும் சமையற்காரர் 1895இல் சீனம் சென்று மீண்டபோது கரையிறங்க விடாது தடுக்கப்பட்டார். சீனர்மேல் வெறுப்பு மண்டியிருந்த காலம் அது. அவருடைய பெற்றோர் பிரஜைகளாகச் சட்டமே இடந்தரவில்லை. ஆயினும் 1898இல் நீதிபதிகள் அறுவர், இருவர் மறுக்க, அவர் அமெரிக்கரே என்றனர். பாட்டன் பூட்டன் பற்றிய பேச்சே எழவில்லை.

அங்குள்ளோர் நம்மவரினும் நல்லவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அம்மண்ணின் ஆதிக்குடிகள் அனைவருக்கும் பிரஜாவுரிமை கிட்டியது 1924இலேதான். வேற்றுமை அரசியலமைப்பில் இருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றக் காங்கிரசின் இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினரும், 50 மாநிலங்களில் 38உம் இணங்க வேண்டும். 2025 சனவரியில் சனாதிபதி டிரம்ப், சில பெற்றோரின் பிள்ளைகளுக்கு அவ்வுரிமை இல்லையென ஆணையிட்டபோது, கீழ் நீதிமன்றங்கள் அடுத்தடுத்துக் குறுக்கே நின்றன. நமக்காகக் குறுக்கே நிற்க 1948இல் எந்த வரி இருந்தது?

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மாந்தரை அரிசி மூடைபோலப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று! 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் என்ற பெயரை ஒருவாறு துடைத்தன. மகிழ்ச்சியே. எனினும் பரம்பரை வழியே பிரஜாவுரிமை என்ற அடிப்படை மாறவில்லை. சட்டசபை எடுத்ததைச் சட்டசபை தந்தது, அவ்வளவுதான்.

வாக்கு வந்த பின்னும் உரிமை முழுதும் வந்துவிடவில்லை. தென்மாநிலக் கறுப்பினத்தவர்க்கு ஏட்டிலிருந்த வாக்கு, 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் பின்னரே கைக்கு எட்டியது. இங்கோ, 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை. தோட்டத்தார் வாக்கால் அம்பகமுவைப் பிரதேச சபையில் அமர்ந்தவர், அத்தோட்டத்தின் உடைந்த பாதைக்கு ஒரு கூடை கல் கொட்ட இயலாது நின்றார். 2018இற்றான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் இதை உரக்கக் கேளாதிருந்ததில் நமக்கும் பங்குண்டு. படித்த நம்மவர்க்குச் சற்றே கூடுதலாக.

2024ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரே அணி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. அவ்வணிமீது ஐயம் எழுப்புவது நம் நோக்கமன்று. ஆனால், அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையை அத்தகைய பெரும்பான்மை தனித்தே மாற்றலாம் என்பதை மறத்தலாகாது. மாற்றுவதற்கு மக்கள் தீர்ப்பும் வேண்டுமென 83ஆம் உறுப்புரை காக்கும் பட்டியலில் பிரஜாவுரிமை இல்லை. புதிய அரசியலமைப்பு வரையப்போவதாக வாக்களித்தோரிடம் நாம் கேட்பது இதுவே: இத்தீவிற் பிறந்து இதனைத் தாயகமாகக் கொண்டவர் இதன் பிரஜை என்று எழுதுக, அவ்வரியை அப்பட்டியலிற் சேர்க்குக.