சாணும் முழமும் சிறகும்

விழா மலர்களிற் பழைய மாணவர் தம் ஆசிரியரையும் விளையாட்டு வெற்றிகளையும் நினைவுகூர்தல் வழக்கம். யாமோ ஈண்டு ஒரு காகத்தைப் பற்றிக் கூற விரும்புகின்றோம்.

பதுளைக்கு அண்மையில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஐந்தாந் தரத்துக்குக் கற்பித்தபோது, கூரைமேலிருந்த காகத்தைக் காட்டி, "இது சிறகை விரித்தால் எவ்வளவு அகலம்?" என வினவினோம். ஒரு முழம் என்றனர் பலர். ஒரு சாண் என்றாரும் உளர். பறவை நூல்கள் கூறும் அளவு ஏறத்தாழ 80 சென்றிமீற்றர். அவ்வளவுக்குத் தரையிற் சுண்ணக்கட்டியாற் கோடிட்டபோது பிள்ளைகள் நம்ப மறுத்தனர். தம் கையால் அளந்து பார்த்தனர். ஒருவனுக்கு இரண்டு முழத்துக்குச் சற்று மேல் வந்தது, மற்றொருத்திக்கு இரண்டரை. சச்சரவு மூண்டது. யாம் தடுக்கவில்லை. அளவுகோல் எல்லார்க்கும் பொதுவாயிருத்தல் ஏன் வேண்டுமென்பதை அச்சச்சரவு எம்மினும் நன்றாக விளக்கிற்று.

நமுனுகுல மலைச்சாரலில் மெல்ல வட்டமிடும் கருங்கழுகின் சிறகு விரிவு 150 முதல் 180 சென்றிமீற்றர் வரை. அக்கோட்டின்மீது கைகளை நீட்டிப் படுத்த சிறுவனால் அதனை நிரப்ப இயலவில்லை. தென்கடல்களிற் பறக்கும் பேரல்பட்ராஸுக்கோ 3 மீற்றருக்கும் மேல். இருவர் கைகோத்தும் போதாமல் மூன்றாமவரை அழைத்தோம். தடுப்புச் சுவரில்லா மண்டபமாதலின் கோடு நான்காந் தரத்துக்குள்ளும் புகுந்தது. அவ்வகுப்பாசிரியர் எம்மை இன்னும் முழுமையாக மன்னிக்கவில்லை.

கவண் கொண்டுவந்து உண்மையான காகத்தையே அளக்கலாமென்றான் ஒருவன். உயிருள்ள பறவையைத் தொடலாகாது, உதிர்ந்த இறகே போதும் என விளக்கினோம்.

அறிஞர் சலீம் அலி 1941ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தியப் பறவை நூலிலும், புதிய பறவையின் பருமனைக் குருவி, மைனா, காகம் போன்ற அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டே காட்டினார். அறிந்ததைக் கொண்டு அறியாததை அளத்தல் என்னும் இம்முறைக்குப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயிற்சித்தாள்களில் இடமில்லை. "அளவுகளை எழுதிப் போட்டால் மனனஞ் செய்யமாட்டார்களா?" என எம்மைக் கேட்ட பெற்றோர் உளர். செய்வார்கள், பரீட்சை முடிந்த மறுவாரம் மறந்தும் விடுவார்கள்.

ஆயின் எம் கருத்தை உறுதிப்படுத்தியது பறவையன்று. அவ்வகுப்பிலிருந்த பிள்ளைகளிற் பெரும்பாலாரின் அன்னையர் கொழுந்து பறிப்பவர். நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழுமென்பது அவ்வீடுகளில் நாள்தோறும் பேசப்படுஞ் செய்தி. தராசு காட்டும் எண்ணை எவரும் எதிர்த்துக் கேட்பதில்லை. முழத்துக்காகச் சண்டையிட்ட அச்சிறுமி பாடம் முடிந்தபின் எம்மிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "சேர், தராசு சரியாத்தான் காட்டுதான்னும் அளந்து பார்க்கலாமா?"

யாம் உடனே மறுமொழி கூறவில்லை. மறுநாள் கடையிலிருந்து, பிரிக்காத ஒரு கிலோ சீனிப்பொதி ஒன்றும், பாடசாலைக்கென ஒரு சிறு தராசும் வாங்கிச் சென்றோம்.