பவளப்பாறை மேல் எழும் அலை: லிட்டில் அந்தமானுக்கு சர்ஃப் போர்டு தூக்கிட்டுப் போகலாமா?

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் அய்ச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சர்ஃபிங் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் இந்தியாவுக்கும் இடம் உண்டு.

இன்னொரு பக்கம், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வார இறுதி சர்ஃபிங் வகுப்புக்கு வரும் ஐ.டி. ஊழியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். நின்று சறுக்கக் கற்றுக்கொண்டதும் பலருக்கும் அடுத்து வரும் கேள்வி இதுதான்: "பாலியிலயும் மாலத்தீவுலயும் பார்க்கிற அந்தக் குழாய் மாதிரி அலை, இந்தியாவுல எங்க இருக்கு?"

லிட்டில் அந்தமானில் இருக்கிறது. ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் அந்த அலை எப்படி உருவாகிறது, அதன் பின்னால் யார் வாழ்கிறார்கள், அது இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ரீஃப் அலை என்றால் என்ன?

சர்ஃபிங்குக்கு ஏற்ற பெரிய அலைகள் கரையோரக் காற்றால் உருவாவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பும் நீரோட்டம் இல்லாத வெறும் அதிர்வு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து கரைக்கு வருகிறது. கடல் ஆழமாக இருக்கும்வரை அது வெறும் மேடு பள்ளம்தான். ஆழம் குறையும் இடத்தில்தான் உடைகிறது. தோராயமாகச் சொன்னால், 2 மீட்டர் உயர அலை சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஆக, அலை எந்த வடிவத்தில் உடையும் என்பதைத் தீர்மானிப்பது கடலுக்கு அடியில் இருக்கும் தரை.

அந்தத் தரை மணலாக இருந்தால், அது 'பீச் பிரேக்'. மணல் ஒவ்வொரு பருவமழைக்கும் இடம் மாறும். போன மாதம் அருமையாக உடைந்த இடத்தில் இந்த மாதம் ஒன்றுமே இருக்காது. விழுந்தாலும் மணலில்தான் விழுவீர்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு இதுதான் நல்லது.

தரை பவளப்பாறையாக இருந்தால், அது 'ரீஃப் பிரேக்'. ஆழ்கடலிலிருந்து சட்டென்று மேலே எழும் பாறையில் அலை மோதுவதால் அது செங்குத்தாக எழுந்து, முன்பக்கம் சுருண்டு, குழாய் போல உடைகிறது. பாறை நகராது என்பதால் அலை ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே வடிவில் வரும். சர்ஃபர்களுக்கு இது வரம். ஆனால் விழுந்தால் கத்தி போன்ற பவளத்தின் மேல் விழ வேண்டும்.

தமிழ்நாட்டில் பவளப்பாறை இருக்கிறதே, அங்கே ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 'பார்' என்று மீனவர்கள் சொல்லும் கடலடித் திட்டுகள் உள்ள கடல் இது. முத்துக்குளிப்புக் காலத்தின் 'முத்துப்பார்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் பெரிய அலைகள் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும்போது இலங்கை குறுக்கே நிற்கிறது. தமிழகக் கடற்கரையின் கணிசமான பகுதி அதன் நிழலில் இருக்கிறது. அதோடு மன்னார் வளைகுடா 1986-லேயே கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. அதனால் தமிழக வீரர்கள் பழகுவது பெரும்பாலும் மணல் அலைகளிலும், கரையோரக் கற்களை ஒட்டி உடையும் அலைகளிலும்தான்.

இது போட்டியில் தெரியும். 2024 ஆசிய சாம்பியன்ஷிப் மாலத்தீவின் துலுஸ்தூ தீவில் நடந்தது. பவளப்பாறை அலைகளுக்குப் பேர்போன இடம் அது. அங்கே கோகோ கோலா ஆலை இருப்பதால் பக்கத்து அலைக்கு 'கோக்ஸ்' என்றே பெயர். அந்தக் கடலில் தமிழ்நாட்டின் ஹரிஷ் முத்து காலிறுதி வரை போனதைப் பெரிய சாதனையாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வீட்டில் கிடைக்காத அலையில் போய் அவர் போட்டி போட்டார்.

லிட்டில் அந்தமானில் அப்படி என்ன இருக்கிறது?

போர்ட் பிளேரின் இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து தெற்கே சுமார் 120 கி.மீ. தூரத்தில் இருக்கிறது லிட்டில் அந்தமான். பரப்பளவு ஏறக்குறைய 700 சதுர கி.மீ. அதாவது சென்னை மாநகராட்சியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். தெற்கிலிருந்து வரும் அலைகளை மறிக்க இங்கே இலங்கை இல்லை. இடப்பக்கம் உடையும் 'ஜாரவா பாயிண்ட்', வலப்பக்கம் உடையும் 'குமாரி பாயிண்ட்' இரண்டும் சர்ஃபிங் உலகில் தெரிந்த பெயர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல சீசன் என்பார்கள்.

1990களின் இறுதியில் படகில் வந்த வெளிநாட்டு சர்ஃபர்கள் மூலம்தான் இந்தக் கடல் வெளியுலகுக்குத் தெரிந்தது. பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற ஜாக் ஜான்சனும் அந்தப் பயணத்தில் இருந்தார். அவர் கிறிஸ் மல்லாயுடன் சேர்ந்து எடுத்து 2000-ல் வெளியான 'திக்கர் தேன் வாட்டர்' ஆவணப்படத்தில் அந்தமான் காட்சிகள் உண்டு.

ஈஸியா போய் வரலாமா?

ஜவ்வாது மலைக்கு சனிக்கிழமை காலை பைக்கை எடுத்து, ஞாயிறு இரவு வீடு திரும்புகிற மாதிரி இல்லை இது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன்பிறகு ஹட் பே துறைமுகத்துக்கு அரசுக் கப்பல். அது ஏழெட்டு மணி நேரம் பிடிக்கலாம். வானிலை மோசமானால் கப்பல் புறப்படாது. திரும்பும் தேதி உங்கள் கையில் இல்லை. அலையில் அடிபட்டால் பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில்தான். இந்தத் தீவுகளின் ஓடைகளிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. பீச் பிரேக்கில் நன்றாகப் பழகாதவர்கள் இந்தப் பாறை அலைகளில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

ஜவ்வாது மலையோடு இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அங்கும் பழங்குடி மக்களான மலையாளிகள் வாழ்கிறார்கள். ஆனால் அவர்களின் ஊர் வழியே யாரும் பேருந்தில் போகலாம், கடையில் டீ குடிக்கலாம். லிட்டில் அந்தமானின் பெரும்பகுதிக்குள் வெளியாட்கள் நுழையவே கூடாது.

ஏன் நுழையக் கூடாது?

அந்தத் தீவு ஓங்கே பழங்குடியினரின் தாயகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 101 பேர் மட்டுமே. 1956-ம் ஆண்டு அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தீவில் சுமார் 450 சதுர கி.மீ. இந்தக் காப்பகத்தில் வருகிறது.

இது வெறும் சம்பிரதாயச் சட்டம் கிடையாது. வெளியாட்கள் கொண்டுவரும் நோய்கள் சிறிய சமூகத்தை எவ்வளவு வேகமாக அழிக்கும் என்பதற்கு, 19-ம் நூற்றாண்டு முதல் அந்தமானியப் பழங்குடிகளுக்கு நடந்ததே சாட்சி. அதனால் கூகுள் மேப்பில் 'செம அலை' என்று தெரிகிற எல்லா இடத்துக்கும் போக முடியாது. ஹட் பே, பட்லர் விரிகுடா போன்ற குடியேற்றப் பகுதிகளோடு பயணம் முடிந்துவிடும்.

சரி, அலைக்கு என்ன ஆபத்து?

ரீஃப் அலை பாறையை நம்பி இருக்கிறது என்று பார்த்தோம் இல்லையா? அப்படியென்றால் பாறை மாறினால் அலையும் மாறும். 2005 மார்ச் 28-ல் இந்தோனேசியாவின் நியாஸ் தீவை உலுக்கிய நிலநடுக்கம், லகுந்த்ரி விரிகுடாவின் பவளப்பாறையையே மேலே தூக்கியது. அங்கிருந்த புகழ்பெற்ற அலை அதன்பிறகு முன்பைவிட முரட்டுத்தனமாக உடைய ஆரம்பித்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குப் பகுதியிலும் வடக்கு சென்டினலிலும் பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து காய்ந்து செத்தன. அதே நேரத்தில் தெற்கே இந்திரா முனை பல அடி கீழே போனது.

இயற்கை செய்வதை யாராலும் தடுக்க முடியாது. மனிதர்கள் செய்வது வேறு கதை. ஸ்பெயினின் முண்டாகாவில் ஆற்று முகத்துவாரத்தில் மணல் அள்ளியதால் உலகப் புகழ்பெற்ற அலை காணாமல் போய், 2005-ல் உலக சாம்பியன்ஷிப் சுற்று ஒன்று ரத்தானது. மணல் என்பதால் அந்த அலை பிறகு திரும்பி வந்தது. பவளம் அப்படி இல்லை. ஒரு பெரிய பவளத் திட்டு வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

இந்த இழப்பு சர்ஃபர்களோடு நிற்காது. அலையைக் குழாயாகச் சுருட்டும் அதே பாறைதான், பின்னால் இருக்கும் கரையை அலையிடமிருந்து காக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான கட்டுரை, பவளப்பாறைகள் அலையின் ஆற்றலைச் சராசரியாக 97% குறைக்கின்றன என்று கணக்கிட்டது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கின. 21 தீவுகள் என்று இன்னும் சொல்கிறோம், ஆனால் கண்ணுக்குத் தெரிவது 19-தான். தூத்துக்குடி அருகே வான் தீவைக் காப்பாற்ற இப்போது செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மேல் கடல் வெப்பம். சூடு தாங்காமல் பவளம் நிறமிழந்து வெளுக்கிறது. நான்காவது உலகளாவிய வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகம் அறிவித்தது. லட்சத்தீவில் நடந்த நீண்டகால ஆய்வில், 1998-ல் சுமார் 37% ஆக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022-ல் 20 சதவீதத்துக்கும் கீழே போனது தெரியவந்தது.

வளர்ச்சித் திட்டங்கள் என்ன ஆகும்?

லிட்டில் அந்தமானுக்கான நிதி ஆயோக்கின் தொலைநோக்கு ஆவணம் பற்றி 2021-ல் செய்தி வெளியானது. தீவின் சுமார் 240 சதுர கி.மீ. பரப்பில் நிதி நகரம், மருத்துவ நகரம், சுற்றுலா மண்டலம் அமைக்கும் யோசனை அது. சிங்கப்பூர், ஹாங்காங்குடன் போட்டி போடும் நகரம் என்பது கனவு. இதற்காகப் பழங்குடிக் காப்பகத்தின் ஒரு பகுதியை விடுவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்று உள்ளூர் வன அதிகாரி ஆட்சேபித்ததும் அப்போது வெளிவந்தது.

பக்கத்து கிரேட் நிக்கோபாரில் விஷயம் யோசனையைத் தாண்டிவிட்டது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் உள்ளிட்ட திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அங்கிருக்கும் 20,668 பவளக் கூட்டங்களில் 16,150-ஐ இடம் மாற்றலாம் என்பது திட்டம். மீதி 4,518 என்ன ஆகும் என்ற கேள்வி 2023-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவிலேயே இடம்பெற்றது. பாதுகாப்பும் வர்த்தகமும் நாட்டுக்கு முக்கியம் என்பது அரசுத் தரப்பு வாதம். மலாக்கா நீரிணைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதில் அர்த்தமும் உண்டு. ஆனால் இடம் மாற்றிய பவளம் புதிய இடத்தில் பிழைக்குமா என்பது பல வருடம் கழித்துதான் தெரியும்.

சர்ஃபிங்கே பாறையை உடைக்காதா?

உடைக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சர்ஃபிங் போட்டி பிரான்ஸிலிருந்து 15,000 கி.மீ. தள்ளி, தாஹிட்டித் தீவின் டீஹுபோவில் நடந்தது. நடுவர்களுக்காகப் பழைய மரக் கோபுரத்துக்குப் பதில் பெரிய அலுமினியக் கோபுரம் கட்டத் திட்டமிட்டார்கள். 2023 டிசம்பரில் அதற்கான சோதனைக்கு வந்த படகே பவளத்தை உடைத்துவிட்டது. உள்ளூர் மீனவர்களும் சர்ஃபர்களும் எதிர்த்தார்கள். அந்தச் சோதனைக்கு முன்பே, எதிர்ப்பின் காரணமாகக் கோபுரத்தின் அளவைக் குறைத்திருந்தார்கள். எதிர்ப்பு எழாமல் இருந்திருந்தால் பழைய வரைபடமே நின்றிருக்கும்.

அப்போ, போகலாமா?

திறமை இருந்தால் போகலாம். காப்பகத்தின் எல்லையை மதித்து, பவளத்தின் மேல் நிற்காமல், நங்கூரம் போடாமல், ஹட் பேயில் உள்ளூர்க்காரர்களின் தங்குமிடத்தில் தங்கி வருகிற பத்து சர்ஃபர்களால் அந்தத் தீவுக்குப் பெரிய சேதம் வராது. கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் சர்ஃபிங்கை ஊர்ப் பிள்ளைகளுக்கான பிழைப்பாக மாற்றிக்காட்டியது போல, அங்குள்ள இளைஞர்களுக்கும் இது ஒரு வழியாகலாம்.

ஆனால் லிட்டில் அந்தமானின் பாறைக்கு என்ன ஆகும் என்பதை அந்தப் பத்துப் பேர் தீர்மானிக்கப் போவதில்லை. கடல் எவ்வளவு சூடாகிறது, காப்பகத்தின் எல்லைக்கோடு வரைபடத்தில் எங்கே நகர்கிறது என்பவைதான் தீர்மானிக்கும். அந்தமான் குறித்து அடுத்து ஓர் அனுமதி, ஒரு தீர்ப்பு என்று செய்தி வரும்போது, அதில் பவளம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவின் சிறந்த அலைக்கும், அதன் பின்னால் இருக்கும் ஊர்களுக்கும் அந்த ஒரு வரியில்தான் பதில் இருக்கும்.