பிஸ்கட் உறையை வாசிக்கத் தெரியாத ஆங்கிலம் எதற்கு?

மத்ரஸாக்களில் ஆங்கிலமும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடில்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

பாடத்திற்கென்றே புனையப்பட்ட பத்திகளை மாணவர்கள் உரக்க வாசிக்கின்றனர். கேள்விகளுக்கு அப்பத்தியின் வரிகளையே பெயர்த்தெழுதி மதிப்பெண் பெறுகின்றனர். மூன்றாண்டுகள் இப்படிப் பயின்றவரிடம் ஒரு பிஸ்கட் உறையை நீட்டினால் விழிக்கிறார். இதற்குப் பெயர் வாசிப்பா?

அவ்வுறையில் இருப்பது மார்க்கச் சட்டம். 471 என்ற எண்ணுள்ள சேர்பொருள் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்புச் சாயம். பூச்சிகளைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தை ஓதியவர் இவ்வெண்ணை அறியாவிட்டால், ஓதியது எங்ஙனம் பயன்படும்? நம் நாட்டுப் பொருளில் பச்சைப் புள்ளி உதவும். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் மிட்டாயில் அது இராது. ஹலாலா, ஹராமா என்று மக்கள் நாளை இம்மாணவரிடம்தான் கேட்பார்கள்.

“கடினமான சொற்களைக் கண்டு மாணவர் மிரள்வர்” என்கின்றனர் சிலர். உரையை எளிதாக்க வேண்டியதில்லை. கேள்வியை எளிதாக்கினால் போதும். முதலில் காலாவதித் தேதியை மட்டும் கண்டுபிடிக்கட்டும். அடுத்து சேர்பொருள் பட்டியல். பின்னர் மருந்து அட்டை, ரயில் பயணச்சீட்டு, ஹஜ் விண்ணப்பம், நாளிதழின் சிறு செய்தி. “நாளிதழில் ஆபாசம் உண்டே” என்பது மற்றொரு வாதம். தேர்ந்தெடுத்துக் கொடுக்கத்தானே உஸ்தாத் இருக்கிறார்!

குர்ஆன் ஓதக் கற்பிப்பதில் நமது வழி என்ன? எழுத்துக்கூட்டி முடித்த குழந்தையின் கையில் அல்லாஹ்வின் வேதத்தையே கொடுக்கிறோம். சிறிய சூராக்களிலிருந்து தொடங்குகிறோம், வசனத்தை மாற்றுவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். வரும் கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதுமே அதன் நோக்கம். அரை மாதத்திற்குள் அவர் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. உண்மையான தேவையே அங்கு பாடமாக அமைந்தது.

மத்ரஸா நிர்வாகிகளே! இதற்குப் புதிய நூல்கள் வாங்க வேண்டியதில்லை. வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போகும் உறைகளையும் அட்டைகளையும் மாணவர்கள் வகுப்பிற்குக் கொண்டுவரட்டும். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓர் ஆண்டுக்குப் பின் அவர்களிடம் பாடநூலை மூடிவைத்துத் தேர்வு நடத்துங்கள். வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.