கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர்

தலச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் தாவரவியல் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் மரபியலாளரானார். இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டியவரே அவர்தான் என்பது மிகை. புகழ்பெற்ற கோ 205 கரும்பு ரகம், அவர் அங்கே சேரும் முன்பே, 1918-லேயே வயலுக்கு வந்துவிட்டது. அவருடைய உண்மைச் சாதனை அதைவிட நுட்பமானது. மக்காச்சோளம் உள்ளிட்ட வேற்றுப் பேரினப் புல்வகைகளோடு கரும்பைக் கலந்து, பிறந்த செடிகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பதிந்தார். கலப்பினக் கரும்பில் அவை நூறைத் தாண்டும். ரகத்துக்கு ரகம் மாறும். அந்தப் பொறுமைக்கே நாம் முதல் மரியாதை செய்ய வேண்டும். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவரங்களைத் தொகுத்து, பிரிட்டிஷ் மரபியலாளர் டார்லிங்டனுடன் இணைந்து 1945-இல் அவர் வெளியிட்ட நூல் ஆய்வாளர்களின் கையேடானது.